பழுதே இல்லாத பயிற்சிப் பலகை: தொழிற்பள்ளிப் பாடத்திட்டத்தை எப்படி மதிப்பிடுவது?

எலக்ட்ரீஷியன் பயிற்சி தரும் எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு பாடம் அநேகமாக இருக்கும்: ஸ்டேர்கேஸ் வயரிங். ஒரு விளக்கு, இரண்டு டூ வே சுவிட்ச். கீழே போட்டு மேலே அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். மாணவர் படம் வரைகிறார், பலகையில் சுவிட்சுகளைப் பொருத்துகிறார், கம்பிகளை இணைக்கிறார். பயிற்றுநர் வந்து பார்க்கிறார். விளக்கு எரிகிறது, மதிப்பெண் விழுகிறது. கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பலகையை அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள்.

வேலைக்குப் போன பிறகு அவருக்கு வரும் அழைப்பு வேறு மாதிரி இருக்கும். "நேற்று வரைக்கும் நன்றாக எரிந்தது. இன்றைக்குச் சில நேரம் எரிகிறது, சில நேரம் எரியவில்லை." போய்ப் பார்த்தால், கீழே உள்ள சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது மேலே உள்ளது ஒழுங்காக வேலை செய்கிறது. கீழே உள்ளதை மறுபக்கம் தட்டிவிட்டால், மேலே எத்தனை முறை தட்டினாலும் விளக்கு எரிவதில்லை. இந்த ஒரு விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. பல்பில் கோளாறு இல்லை, கரண்டும் வருகிறது. இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவே ஓடும் இரண்டு கம்பிகளில் ஒன்றோ, அது மாட்டியிருக்கும் முனையோதான் விட்டுப்போயிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஆனால் புதிதாக இணைக்க மட்டுமே கற்றவர் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து மாட்டுவார். விளக்கு எரியும், அரை நாள் போயிருக்கும், எது கெட்டது என்று அவருக்கே தெரியாது.

இதில் மாணவர் மீதும் தப்பில்லை, பயிற்றுநர் மீதும் தப்பில்லை. "டூ வே சுவிட்ச் இணைப்பைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்" என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறது. செய்யத் தெரிந்திருக்கிறது. பயிற்சிப் பலகையில் பழுது என்ற ஒன்றே இல்லாமல் போனதுதான் குறை. அது அங்கே இல்லாததற்குக் காரணமும் சாதாரணமானதுதான். இருபது பலகைகளில் வெவ்வேறு பழுதுகளைப் பயிற்றுநர் முன்கூட்டியே வைக்க வேண்டும். ஒருவர் கண்டுபிடித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுவார், அதனால் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மதிப்பெண் போடுவதும் லேசான வேலை இல்லை. விளக்கு எரிந்ததா என்று தூரத்திலிருந்து பார்த்தால் போதாது. எதை முதலில் சோதித்தார், அடுத்து ஏன் அங்கே போனார் என்று பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் நேரமோ ஆளோ ஒதுக்காத பாடத்திட்டம், பழுது பார்ப்பதைப் பற்றித் தன் முன்னுரையில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பயன் இல்லை.

தொழிற்பள்ளிப் பாடத்திட்டங்களை மதிப்பிடும் குழுக்கள் பெரும்பாலும் அந்த முன்னுரையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன என்பதுதான் என் மனக்குறை. நோக்கங்கள் தெளிவாக இருக்கின்றனவா, அலகுகள் வரிசையாக இருக்கின்றனவா, மணிநேரக் கூட்டல் சரியா, கருவிப் பட்டியல் இணைத்திருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே போகலாம். பல நாட்டுப் பள்ளிக்கல்வியை ஒப்பிட்ட ஆய்வுகள் பாடத்திட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும்: எழுதிவைத்தது, வகுப்பில் நடந்தது, மாணவரிடம் போய்ச் சேர்ந்தது. பொதுப்பள்ளியிலேயே இந்த மூன்றுக்கும் நடுவே இடைவெளி உண்டு. தொழிற்பள்ளியில் அந்த இடைவெளி இன்னும் அகலம். ஏனென்றால் இங்கே இயந்திரம், மூலப்பொருள், மின்சாரம், பயிற்றுநரின் சொந்தப் பணி அனுபவம் என்று குறுக்கே வர நிறைய விஷயங்கள் இருக்கின்றன.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? நான் தேர்விலிருந்து தொடங்கச் சொல்வேன். கற்றல் விளைவு, வகுப்பில் செய்யும் வேலை, தேர்வு மூன்றும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும் என்பதை 1990களில் ஜான் பிக்ஸ் என்ற கல்வியாளர் ஒரு கோட்பாடாகவே வகுத்துக் கொடுத்தார். உயர்கல்விக்காகச் சொன்னது அது. தொழிற்கல்விக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. தேர்வில் வராததைப் பயிற்றுநரும் மெதுவாகக் கைவிடுவார், மாணவரும் கைவிடுவார். எனவே கடந்த மூன்று ஆண்டுச் செய்முறைத் தேர்வுத்தாள்களை எடுத்து மேசையில் பரப்பி, அவற்றில் உள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். வரைக, இணைக்க, பொருத்துக, பெயரிடுக என்பவை எத்தனை? கண்டுபிடிக்க, தேர்ந்தெடுக்க, சரிபார்க்க, காரணம் சொல்க என்பவை எத்தனை? ஒரு மணி நேர வேலைதான். பாடத்திட்டத்தின் குணம் இதில் தெரிவதுபோல நூறு பக்க ஆவணத்தில் தெரியாது.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990இல் ஒரு பிரமிடு வரைந்தார். அடித்தட்டில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அடுத்தது 'செய்து காட்டுவார்', உச்சியில் 'உண்மையான பணியிடத்தில் செய்கிறார்'. தொழிற்பள்ளிகளில் மூன்றாம் படியை எட்டிவிட்டாலே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பழுதில்லாத பலகையில் இணைத்துக் காட்டுவது மூன்றாம் படி. யார் யாரோ கை வைத்த பழைய வயரிங்கில், பக்கத்தில் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருக்கும்போது கோளாறைக் கண்டுபிடிப்பது நான்காம் படி.

அடுத்தது நேரக் கணக்கு. இதை யாரும் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஒரு பாடத்திட்டம் ஆர்க் வெல்டிங் செய்முறைக்கு 60 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 20 பேர், ஒரு நேரத்தில் ஒருவர் நின்று வேலை செய்யும் வெல்டிங் கூண்டுகள் 4. மொத்தம் 240 கூண்டு மணி நேரம்; 20ஆல் வகுத்தால் ஆளுக்கு 12. பயிற்றுநர் செய்துகாட்டும் நேரம், தகடு வெட்டும் நேரம், இயந்திரம் பழுதாகிக் கிடக்கும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால் எட்டோ ஒன்பதோ மிஞ்சும். காகிதத்தில் 60 மணி நேரம் என்பது கையில் வெல்டிங் ராடு பிடித்த நேரமாக எட்டு மணி ஆகிவிட்டது. மீதி நேரத்தில் அந்தப் பையனோ பெண்ணோ என்ன செய்கிறார்? வரிசையில் நிற்கிறார்.

வெல்டிங் பார்த்துக் கற்கிற வித்தை இல்லை. ராடு நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, ராடின் சாய்வு, கை நகரும் வேகம் மூன்றையும் ஒரே நேரத்தில் கை பிடித்துக்கொள்ள வேண்டும். ராடு எரிய எரியக் குறைந்துகொண்டே வரும், கையும் அதற்கேற்ப இறங்கிக்கொண்டே வர வேண்டும். எட்டு மணி நேரத்தில் சிலருக்கு வந்துவிடலாம், பலருக்கு வராது. வராதவர்களை "ஆர்வமில்லாத மாணவர்கள்" என்று பதிவேடு சொல்லும்.

இங்கேயும் தேர்வு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே உண்மை வெளிவரும். மேலே பார்க்க மீன்செதில் அடுக்கினாற்போல அழகாக இருக்கும் வெல்டிங் உள்ளே ஒட்டாமலே இருக்கலாம். இணைப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வளைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. உள்ளே சரியாக உருகிச் சேராத இடம் வளைக்கும்போது வாய் பிளந்துவிடும். ஒரு பள்ளி கண்ணால் பார்த்து மட்டும் மதிப்பெண் போடுகிறதா, துண்டை வளைத்தும் பார்க்கிறதா என்பது ஒரே கேள்வி. பதில் ரொம்பப் பேசும். முடிந்தால் ராடு வாங்கிய பதிவேட்டையும் பாருங்கள். மாணவர் எண்ணிக்கையும் வாங்கிய ராடும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால், பயிற்சி நேரம் எங்கே போனது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அப்புறம் கழிவுக் குவியல். நல்ல ஒர்க்‌ஷாப்பின் கழிவுக் குவியலில் முதல் மாதத்துக் கோணல்மாணல் துண்டுகளும் ஆறாம் மாதத்து நேர்த்தியான துண்டுகளும் கலந்து கிடக்கும். காலியாக இருக்கும் குவியலைக் கண்டு சிக்கனம் என்று பாராட்டிவிடக் கூடாது.

யாருக்கும் பயன்படாத ஒரு இரும்புத் துண்டை நாள் முழுக்க அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கடைசியில் குவியலில் எறியும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே தெரிந்துகொள்ளத் தக்கது. 1868 வாக்கில் மாஸ்கோவின் பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா வோஸ் ஒரு மாற்றம் செய்தார். அதுவரை மாணவர்கள் உற்பத்தி நடக்கும் பட்டறையில் கைவினைஞர் பக்கத்தில் நின்று, கிடைத்த வேலையைச் செய்து கற்றார்கள். அவர் பயிற்சிப் பட்டறையை உற்பத்திப் பட்டறையிலிருந்து பிரித்தார். தச்சு, கடைசல், கொல்லுவேலை என ஒவ்வொரு தொழிலையும் சின்னச் சின்னச் செயல்களாக உடைத்து, எளியதிலிருந்து கடினமானதற்கு அடுக்கினார். ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனிக் கருவிகள். இதனால் ஒரே ஆசிரியர் பல பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லித்தர முடிந்தது. 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்தப் பயிற்சித் துண்டுகளைப் பார்த்த ஜான் ரங்கிள், அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர், அதே முறையை அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் தொழிற்பள்ளிப் பாடத்திட்டங்களில் 'பயிற்சி எண் 1, பயிற்சி எண் 2' என்று போகும் வரிசையில் டெல்லா வோஸின் நிழல் இருக்கிறது.

அதே காலத்தில் ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் வேறு வழியில் போனார். அவருடைய ஸ்லாய்டு கைவேலை முறையிலும் எளியது முதல் கடினமானது வரை வரிசை உண்டு. ஆனால் ஒவ்வொரு படியிலும் மாணவர் முழுமையான ஒரு பொருளைச் செய்து முடிப்பார். அது வீட்டில் பயன்படும் பொருளாக இருக்கும். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. துண்டுப் பயிற்சி வேகமாகக் கை பழக்கும், செலவு குறைவு. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையை ஆறு மாதம் குவியலுக்கு மட்டுமே வேலை செய்ய வைத்தால் வருகைப் பதிவேடு காலியாகத் தொடங்கும். மதிப்பிடும்போது கேட்க வேண்டியது இதைத்தான்: முதல் மாதத்தில் மாணவர் முழுசாக ஒன்றையாவது செய்து முடிக்கிறாரா?

சரி, பாடத்திட்டத்தை எழுதியது யார்? தொழிற்கல்வியில் இது அடிப்படையான கேள்வி. கனடாவில் 1960களின் கடைசியில் உருவான டேக்கம் என்ற முறை இதற்கு ஒரு துணிச்சலான பதில் சொன்னது. அந்தத் தொழிலில் கைதேர்ந்த தொழிலாளர்கள் ஒரு சிறு குழுவாக, ஓர் ஒருங்கிணைப்பாளருடன் இரண்டு நாள் உட்கார்ந்து, தாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். மேலாளர் இல்லை, பேராசிரியர் இல்லை. வேலையைச் செய்பவரைவிட அதை விவரிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதே அதன் அடிப்படை. பல நாடுகளில் இன்றும் பயன்படுகிறது, நியாயமாகவே பயன்படுகிறது. ஆனால் அதற்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. இன்று இருக்கும் வேலையைத்தான் அது படம் பிடிக்கும். கை பழகிவிட்டதால் தாங்கள் செய்வதாகவே உணராத விஷயங்களைத் தொழிலாளர்கள் சொல்ல மாட்டார்கள். சத்தத்தைக் கேட்டே லேத்தில் டூல் மழுங்கிவிட்டது என்று அறியும் காது எந்த அட்டையிலும் ஏறாது.

வேலையை மிக நுணுக்கமாக உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். 1986இல் அங்கே தேசிய தொழில்தகுதி மன்றம் அமைத்து, ஒவ்வொரு தொழிலுக்கும் 'இதைச் செய்யத் தெரியும்' என்ற விளைவுகளாகவே பட்டியல் போட்டார்கள். எங்கே, எப்படிக் கற்றார் என்பது முக்கியமில்லை. செய்து காட்டினால் சான்றிதழ். நல்ல எண்ணம்தான். நடைமுறையில் பட்டியல்கள் நீண்டன, பயிற்றுநர்களின் நேரம் படிவம் நிரப்புவதில் போனது, 'செய்யத் தெரிந்தால் அறிவும் இருக்கும்' என்ற அனுமானத்தில் கோட்பாட்டு அறிவு பின்னுக்குப் போனது. பிற்பாடு வந்தது இன்னொரு விபரீதம். 2011இல் பேராசிரியர் அலிசன் வுல்ஃப் அந்நாட்டு அரசுக்குக் கொடுத்த அறிக்கை, 16 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் குறைந்தது 3,50,000 பேர் பயனே இல்லாத, அல்லது மிகக் குறைந்த பயனுள்ள படிப்புகளில் இருப்பதாகச் சொன்னது. பள்ளிகளின் தரவரிசையில் சில தொழில் படிப்புகள் பல பாடங்களுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டன. அதனால் பள்ளிகள் பிள்ளைகளை அவற்றில் சேர்த்தன. அளவுகோலே பாடத்திட்டத்தைத் தீர்மானித்துவிட்டது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. 1969ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்நாட்டு முறையில், பயிற்சியானது தொழில் நிறுவனத்திலும் பள்ளியிலுமாகப் பிரிந்து நடக்கிறது. அதை எல்லாரும் பேசுவார்கள். அதிகம் பேசாதது இறுதித் தேர்வு. அதை நடத்துவது பள்ளியும் இல்லை, பயிற்சி தந்த நிறுவனமும் இல்லை. தொழில் அவைகள் அமைக்கும் தேர்வுக்குழுவில் முதலாளிகள் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருப்பார்கள், தொழிற்பள்ளி ஆசிரியரும் இருப்பார். சொல்லிக்கொடுத்தவரே தனியாக மதிப்பெண் போடுவதில்லை. மற்ற நாடுகள் ஜெர்மனியைப் பார்த்துக் காப்பியடிக்கும்போது இயந்திரங்களைக் கொண்டுவருகின்றன, இந்தக் குழுவை விட்டுவிடுகின்றன.

"எங்கள் பள்ளியில் இத்தனை சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது" என்ற எண்ணை வைத்தே பாடத்திட்டத்தை மதிப்பிடுபவர்களும் உண்டு. அந்த எண்ணில் பாடத்திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். ஊரில் கட்டுமானம் சூடு பிடித்தால் மோசமான பாடத்திட்டத்தில் படித்தவருக்கும் வேலை கிடைக்கும். ஃபிலிப் ஃபாஸ்டர் 1965இலேயே கானாவை வைத்து எழுதினார்: பிள்ளைகளின் தொழில் விருப்பத்தைத் தீர்மானிப்பது பள்ளியின் பாடம் இல்லை, வெளியே எந்த வேலைக்கு என்ன வருமானமும் மதிப்பும் கிடைக்கிறது என்பதுதான். பாடத்தை மாற்றிப் பொருளாதாரத்தைத் திருத்திவிடலாம் என்ற நினைப்புக்கு அவர் வைத்த பெயர் 'தொழிற்பள்ளி மாயை'.

அதற்காகப் படித்து முடித்தவர்களைத் தொடர வேண்டாம் என்று அர்த்தமில்லை. கேள்வியை மாற்றினால் போதும். வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்காமல், ஆறு மாதம் கழித்து, "வேலைக்குப் போன பிறகு புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்ன? படித்ததில் இதுவரை ஒரு தடவைகூடப் பயன்படாதது என்ன?" என்று கேளுங்கள். அதே கேள்வியை அவருடைய மேற்பார்வையாளரிடமும் கேளுங்கள். மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் கேளுங்கள், பதில்கள் மாறியிருக்கும். நடுவில் நின்றுவிட்டவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்கள் எந்த மாதத்தில் நின்றார்கள் என்று பார்த்தாலே பாடத்திட்டத்தின் எந்த இடம் சரிவு என்று தெரியும்.

மூன்று ஆண்டு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பதினைந்து பதினாறு வயதில் வருபவர் இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்யப்போகிறார். 2017இல் எரிக் ஹனுஷெக்கும் அவருடைய குழுவினரும் 11 நாடுகளின் தரவுகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலைவாய்ப்பில் இருக்கும் சாதகம் வயது ஏற ஏறக் கரைகிறது என்று கண்டார்கள். தொழிற்பழகுநர் முறை வலுவாக உள்ள நாடுகளில் இது அதிகமாகத் தெரிந்தது. ஒரே நேரத்தில் எடுத்த தரவில் வெவ்வேறு தலைமுறைகளை ஒப்பிட்டதால் இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். என்றாலும் மதிப்பீட்டாளர் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு அலகையும் பார்த்து, 'இந்த இயந்திரம் போனால் இதில் என்ன மிஞ்சும்?' என்று கேட்க இது போதும். குறிப்பிட்ட ஒரு மாடலின் பட்டன் வரிசை மிஞ்சாது. வரைபடம் படிப்பது, அளப்பது, எவ்வளவு பிழை அனுமதிக்கலாம் என்று அறிவது, செய்த வேலையை நாலு வரி எழுதிவைப்பது ஆகியவை மிஞ்சும்.

உடனே 'கணக்குப் பாடத்தைக் கூட்டுவோம்' என்று கிளம்புவார்கள். பள்ளிக் கணக்கில் அடிபட்டு வந்த பிள்ளைகளுக்கு அதே கணக்கைத் தனி வகுப்பில் மறுபடியும் நடத்தினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டாம். 2000களின் நடுவில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்டோன் தலைமையில் நடந்த ஒரு சோதனை வேறு வழி காட்டியது. தொழில் ஆசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் ஜோடி சேர்த்தார்கள். தொழில் பாடத்துக்குள் ஏற்கனவே ஒளிந்திருக்கும் கணக்கை இருவரும் சேர்ந்து வெளியே எடுத்து, அங்கேயே, அந்த வேலையை வைத்தே நடத்தினார்கள். அந்த வகுப்புகளின் மாணவர்கள் பொதுவான கணக்குத் தேர்வுகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். தொழில் அறிவில் எதையும் இழக்கவும் இல்லை. எனவே பாடத்திட்டத்தில் கணக்குக்கு எத்தனை மணி நேரம் என்று தேடுவதைவிட, அது ஒர்க்‌ஷாப் சுவருக்கு எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்ப்பது மேல்.

மறுபடி அந்த விளக்குக்கு வருவோம். தேர்வை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்கும், உள்ளே ஒரு பழுது, மாணவர் கையில் மல்டிமீட்டரும் ஒரு தாளும். முதல் பத்து நிமிடம் எதையும் கழற்றக் கூடாது. சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்து, எது எரிகிறது எது எரியவில்லை என்று எழுதி, பழுது எங்கே இருக்கலாம் என்று ஊகிக்க வேண்டும். பாதி மதிப்பெண் அந்தத் தாளுக்கு. இப்படி ஒரு தேர்வு வரப்போகிறது என்று தெரிந்தால், எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமலே பயிற்றுநர் வகுப்பில் பலகைகளில் பழுது வைக்கத் தொடங்குவார். முதல் ஆண்டு தேர்ச்சி விகிதம் குறையும். அதை மதிப்பீட்டுக் குழு முன்கூட்டியே நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் ஆண்டு பழைய பலகையே திரும்பி வந்துவிடும்.